கோலாலம்பூரில் தமிழ்ச் சமூக வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், ஜாலான் ஈப்போ, பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை வட்டாரங்களின் குடியிருப்பாளர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஆகியவற்றிலிருந்து, சொந்தமாக ஒரு வானொலி நடத்த முடியுமா என்று கேட்டு வருவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. மக்கள் போராட்டம், அரசியல், சமூக நீதி ஆகியவற்றைப் பேசும் சுயேச்சையான வானொலியைப் பற்றியது மட்டுமே இது. சட்டம் பற்றிய பகுதிகள் பொதுவான விளக்கங்களே. உங்கள் நிலைமைக்குரிய ஆலோசனையை வழக்கறிஞர் ஒருவரிடம்தான் பெற வேண்டும்.

சமூக வானொலி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு வட்டாரத்து மக்களோ ஒரே துன்பத்தைப் பகிரும் மக்களோ தாங்களே உரிமை கொண்டு, இலாப நோக்கமின்றி, தங்களுக்காக நடத்தும் வானொலியே சமூக வானொலி. 1940களின் பிற்பகுதியிலிருந்து பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்கித் தொழிற்சங்க வானொலிகளை நடத்தினார்கள். 1949-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கப்பட்ட கேபிஎஃப்ஏ வானொலி, விளம்பரமில்லாமல் நேயர்களின் சந்தாவைக் கொண்டே நடத்தப்பட்டது. இத்தகைய வானொலிகளின் உலகக் கூட்டமைப்பான அமார்க் 1983-இல் மொன்றியலில் உருவானது. தெற்காசியாவில் நேபாளத்தின் சாகர்மாதா வானொலி 1997-இல் ஒலிக்கத் தொடங்கி, அரசின் கையில் இல்லாத வானொலி இப்பகுதியிலும் சாத்தியம் என்று காட்டியது.

ஒரு வானொலி உண்மையில் சமூக வானொலிதானா என்று அறிய நாங்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறோம்: அடுத்த வாரம் எதைப் பற்றிப் பேசுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஏழைகளை அழைத்துப் பேசவைக்கும் நிகழ்ச்சிகள் எல்லா வானொலிகளிலும் உண்டு. ஆனால் அந்த ஏழைகள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து, இந்த விஷயத்தை விட்டுவிட்டு அந்த விஷயத்தை எடுங்கள் என்று சொல்ல முடிகிறதா என்பதே எங்கள் அளவுகோல். இந்தப் பக்கத்தில் பின்வரும் பதில்களும் அந்த அளவுகோலை வைத்தே எழுதப்பட்டவை.

மின்னலும் ராகாவும் இருக்கும்போது இன்னொரு தமிழ் வானொலி எதற்கு?

மின்னல் பண்பலை மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. அரசாங்க ஒலிபரப்பு மையமான அங்காசாபுரியிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பு, தோட்டப்புறங்களில் நூலகமோ நாளிதழோ எட்டாத வீடுகளுக்குள் செய்தியையும் நாடகத்தையும் இலக்கியத்தையும் கொண்டுசென்றது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு வானொலியே முதல் மேடையாக இருந்தது. தனியார் நிலையமான ராகா இளைஞர்களைத் தமிழ் கேட்கவைத்திருப்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் மின்னல் அரசாங்கத்தின் வானொலி. ராகா விளம்பர வருமானத்தில் நடக்கும் வானொலி. அரசாங்கத்தின் முடிவால் வீட்டை இழக்கும் குடும்பமும், பெரிய நிறுவனத்தின் நிலத்திலிருந்து வெளியேற்றப்படும் குடும்பமும் தங்கள் வழக்கைத் தினந்தோறும், விடாமல், தீர்வு கிடைக்கும்வரை எடுத்துச்சொல்ல இந்த இரண்டில் எதனையும் நம்பியிருக்க முடியாது. அங்கே பணிபுரிவோரின் மனத்தைக் குறை கூறவில்லை. அந்த நிறுவனங்களின் அமைப்பே அப்படிப்பட்டது.

எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூரிலேயே புக்கிட் ஜாலில் தோட்டத்து முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் தாங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடத்திலேயே வீட்டுநிலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடின. பினாங்கில் மாடு வளர்ப்போர் வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009-இல் இடிக்கப்பட்டது. 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட பல்லாயிரம் பேர் மீது கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ச்சப்பட்டன. அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே, இடைவெட்டு இல்லாமல், முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு நாட்டு மக்களுக்கு வானொலியில் கிடைக்கவில்லை.

பெரிய போராட்டங்கள் மட்டுமல்ல. அடுக்குமாடி மக்கள் வீடமைப்பில் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கி, பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர முடியாத பிள்ளை, ஊழியர் சேமநிதியைச் செலுத்தாத முதலாளி ஆகியவை தேசிய வானொலிக்குச் சிறிய விஷயங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு கிடையாது.

மலேசியாவில் சமூக வானொலிக்கு உரிமம் கிடைக்குமா?

1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம்தான் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்துகிறது. அச்சட்டத்தின்கீழ் அலைவரிசையை ஒதுக்குவதும் உரிமங்களை நிர்வகிப்பதும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பணி. அந்த உரிம வகைகளில் சமூக வானொலி என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு குடியிருப்பாளர் சங்கம் பண்பலை வானொலி நடத்த விரும்பினால், பெரிய நிறுவனங்கள் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நடைமுறையில் அந்த வாசல் எளியவர்களுக்கு அடைபட்டே இருக்கிறது.

அண்டை நாடுகளைப் பாருங்கள். இந்தோனேசியா 2002-இல் இயற்றிய ஒலிபரப்புச் சட்டம் சமூக ஒலிபரப்பைத் தனி வகையாகவே ஏற்கிறது. 50 வாட் ஆற்றல், இரண்டரை கிலோமீட்டர் ஆரம் என்று எல்லை சிறியதுதான், ஆனாலும் அது சட்டப்படியான உரிமை. இந்தியாவில் அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008-இல் இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது.

ஆனால் இந்தியக் கொள்கையில் நாம் பின்பற்றக் கூடாத ஒரு குறையும் இருக்கிறது. அங்கே சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். வேளாண்மையும் உடல்நலமும் பேசலாம், நிலத்தை யார் பறித்தார்கள் என்பதைச் செய்தியாகச் சொல்லக் கூடாது என்றால், ஊர் மக்களுக்குக் கிடைப்பது பாதி வானொலிதான். மலேசியாவில் சமூக வானொலிக்குத் தனி உரிம வகை வேண்டும் என்று கோருவோர், செய்தி உரிமையையும் அந்தக் கோரிக்கையின் முதல் வரியிலேயே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உரிமம் இல்லாமல் சிறிய ஒலிபரப்பிக் கருவி வைத்துத் தொடங்கலாமா?

கூடாது. அலைவரிசை ஒதுக்கீடு இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். கருவியைப் பறிகொடுப்பீர்கள், உங்களை நம்பிப் பேசியவர்களையும் ஆபத்தில் தள்ளுவீர்கள்.

அப்படியானால் வழி என்ன?

இணையம். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, இச்சட்டத்தில் உள்ள எதனையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியளிப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்கிறது. மலேசியாகினி 1999 நவம்பரில் இணையத்தில் தொடங்கப்பட்டபோது, அச்சு உரிமம் இன்றிச் சுயேச்சையான செய்தி ஊடகம் நடத்த அதுவே வழியாக இருந்தது. ஒலி நிகழ்ச்சிகளுக்கும் அதே வழிதான் இன்று திறந்திருக்கிறது.

சரவாக்கின் அனுபவம் வேறு பாடத்தைத் தருகிறது. 2010-இல் பத்திரிகையாளர் கிளேர் ரியூகாசல் பிரவுன் இலண்டனிலிருந்து தொடங்கிய ரேடியோ ஃபிரீ சரவாக், சிற்றலையில் இபான் மொழியிலும் மலாயிலும் ஒலிபரப்பி, இணையமும் நாளிதழும் எட்டாத, பழங்குடியினர் சேர்ந்து வாழும் நீண்டவீடுகளுக்கு நில உரிமை பற்றிய செய்திகளைக் கொண்டுசென்றது. 2013-இல் அனைத்துலகப் பத்திரிகை நிலையத்தின் விருதையும் பெற்றது. கேட்பவர் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அந்தக் கருவிக்கே ஒலிபரப்ப வேண்டும் என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள். கோலாலம்பூரில் அந்தக் கருவி கைப்பேசிதான். பெரும்பாலும் அதிலுள்ள புலனம் (வாட்ஸ்அப்) தான்.

எந்தச் சட்டங்களை அறிந்திருக்க வேண்டும்?

தணிக்கை இல்லை என்பதை வழக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவுதான் இணையத்தில் பேசுவோர் மீது அதிகம் பயன்படுத்தப்படுவது. ஆபாசமானது, பொய்யானது, மிரட்டுவது, கடுமையாகப் புண்படுத்துவது என்று கருதப்படும் உள்ளடக்கத்தை, பிறரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்துடன் பரப்புவதை அது குற்றமாக்குகிறது. முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் 500,000 ரிங்கிட் ஆனது. ஓராண்டாக இருந்த சிறைத்தண்டனை ஈராண்டு ஆனது. ஒரு தன்னார்வ வானொலியை ஒரே வழக்கில் மூடிவிடப் போதுமான தொகை அது என்பதால், எந்தப் பதிவையும் ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு வெளியிடும் பழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை.

2012-இல் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவை வானொலிக் குழுக்கள் பலரும் கவனிப்பதே இல்லை. ஒரு தளத்தின் உரிமையாளராக, நிர்வாகியாக, ஆசிரியராகப் பெயர் கொண்டவரே அதில் வெளியானதை வெளியிட்டவர் என்று அது அனுமானிக்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் மீது விழுகிறது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகவே மலேசியாகினி நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. ஆகவே உங்கள் முகநூல் நேரலையின் கீழே நேயர் எழுதும் ஒரு வரிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். கருத்துப் பகுதியைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் அதை மூடிவிடுங்கள்.

இவற்றோடு 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம், 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஆகியவையும் உள்ளன. இனம், சமயம், அரச பீடம் ஆகிய மூன்றையும் தொடும் பேச்சு நம் நாட்டில் மிக விரைவாக விசாரணைக்குப் போகிறது. பயந்து வாய் மூடச் சொல்லவில்லை. ஒரு சமயத்தவரைத் தாக்காமல் ஓர் அதிகாரியின் முடிவைக் கேள்வி கேட்க முடியும். அந்த வேறுபாட்டை வாக்கியத்துக்கு வாக்கியம் காப்பாற்றுவதே எங்கள் பயிற்சியின் பெரும்பகுதி.

உள்ளிருந்து தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

வானொலியிடம் சொன்னால் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க நிறுவனத்திடம் புகார் செய்பவரையே பாதுகாக்கிறது. ஊடகத்திடம் பேசுபவரை அல்ல. இதைப் பேட்டிக்கு முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பேட்டி எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் அக்கறையோடு எழுதும் பதில் இது. தடுப்புக் காவலில் மகனை இழந்த தாய், குடியுரிமை இல்லாமல் வளர்ந்த இளைஞர், கடப்பிதழை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு உணவகத்தில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளி ஆகியோரிடம் இழப்பதற்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. நம்முடைய நிகழ்ச்சி அதையும் பறித்துவிடக் கூடாது.

சம்மதம் என்பது ஒருமுறை தலையாட்டுவது அன்று. பதிவுக்கு முன்பு இது எங்கெங்கே போகும், யார் யார் கேட்கக்கூடும், ஒருமுறை வெளியானால் திரும்பப் பெற முடியாது என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பதிவு முடிந்து தொகுத்த பிறகு அவருக்கே முதலில் போட்டுக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் பகுதி, நிகழ்ச்சியின் உயிர்நாடியாகவே இருந்தாலும், போக வேண்டும். குரலை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சிறிய குடியிருப்பில் ஊரும் வேலையிடமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அந்த விவரங்களையும் நீக்க வேண்டும். சிறார் தொடர்பான வழக்குகளில் பிள்ளையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டமே தடை செய்கிறது.

காவல் மரணங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் ஆ. குகன் காவல் நிலையத்தில் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. நம் சமூகத்தில் அந்தப் பெயரை அறியாதவர் குறைவு. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2005-இலேயே பரிந்துரைத்தது. 2022-இல் நிறைவேறிய சட்டத்தின்படி 2023-இல் செயல்படத் தொடங்கிய காவல்துறை நடத்தை ஆணையம், அன்று பரிந்துரைக்கப்பட்ட அதிகாரங்களைக் கொண்டதன்று என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டுகின்றன. இவ்வளவு நீண்ட வரலாறு உள்ள விஷயத்தில் ஒரு குடும்பம் துயரத்தின் முதல் நாளில் அழுவதை ஒலிபரப்புவது எளிது. சவப்பரிசோதனை, மரண விசாரணை, வழக்கு என்று ஆண்டுகள் ஓடும்போது அவர்களுடன் தொடர்ந்து நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்று நேயர்களுக்கு விளக்குவதே சமூக வானொலி செய்ய வேண்டிய வேலை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது குடும்பத்தின் வழக்கறிஞரிடம் கேட்காமல் எதையும் வெளியிடாதீர்கள்.

அரசியல் பேசலாமா? அரசியல்வாதிகளை அழைக்கலாமா?

பேச வேண்டும். குடிநீர், வீடு, சம்பளம், குடியுரிமை எல்லாமே அரசியல் முடிவுகள். சுயேச்சை என்பது கட்சிகளிடமிருந்து விலகி நிற்பது. நிலைப்பாடே இல்லாமல் நிற்பதன்று. ஒரு குடியிருப்பை இடிக்கும் உத்தரவில் இரு தரப்பையும் கேட்போம், ஆனால் வீட்டை இழப்பவரின் இடத்தில் நின்று கேட்போம் என்று சொல்வதில் தவறில்லை.

அரசியல்வாதிகளை அழையுங்கள், ஆனால் குடியிருப்பாளர் தயாரித்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல அழையுங்கள். பொதுத் தேர்தல் காலத்தில் அத்தொகுதியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்விகளையும் ஒரே நேர அளவையும் கொடுங்கள். வர மறுத்தவர் மறுத்தார் என்பதையும் அறிவியுங்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் ஆசிரியர் குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சமூகத்தில் எத்தனையோ நல்ல சங்கங்கள் ஒரு தலைவரின் தேர்தல் மேடையாகச் சுருங்கிப்போனதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

பணத்துக்கு என்ன செய்வது?

குறைவாகச் செலவழியுங்கள், பலரிடமிருந்து சிறிது சிறிதாக வாங்குங்கள். மலேசியாகினிக்கு விதிக்கப்பட்ட அரை மில்லியன் ரிங்கிட் அபராதத்தைத் தீர்ப்பு வந்த அன்றே, சில மணி நேரத்தில், பொதுமக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். நம்பிக்கையைச் சம்பாதித்த ஊடகத்துக்கு இந்நாட்டு மக்கள் கொடுப்பார்கள். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் ஒதுக்கீடு, மேம்பாட்டு நிறுவனத்தின் நன்கொடை ஆகியவற்றை, எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், ஏற்காதீர்கள். வரவுசெலவுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேயர்கள் முன் வையுங்கள்.

என்ன கருவிகள் தேவை?

நல்ல கைப்பேசி, ஒலிவாங்கி, காதொலிப்பான் (ஹெட்போன்), இலவசத் தொகுப்பு மென்பொருள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதிகம் கெடுக்கும் ஓசை அதுதான்.

திரைப்பாடல்கள் போடலாமா?

காப்புரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளை எம்ஏசிபி என்ற காப்புரிமை அமைப்பு நிர்வகிக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாடலே இல்லாமல் தொடங்குவதையே பரிந்துரைக்கிறோம். வட்டாரத்தில் உறுமி மேளம் வாசிக்கும் இளைஞர்கள், தோட்டப்புறத் தாலாட்டு தெரிந்த பாட்டிமார் ஆகியோரை அவர்கள் சம்மதத்துடன் பதிவு செய்து பயன்படுத்தலாம்.

யார் கேட்பார்கள்?

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்கள் கேட்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேற்படாத நிகழ்ச்சியைக் குடியிருப்பின் புலனக் குழுவில் இடுங்கள். நேரலையைவிடப் பதிவு செய்த நிகழ்ச்சியே தொடக்கத்தில் சிறந்தது. சட்டப்படியும் பாதுகாப்பானது, இரவு வேலை முடித்து வருபவரும் கேட்கலாம். முக்கியமான நிகழ்ச்சிகளுக்கு மலாயில் ஒரு சுருக்கம் தயாரியுங்கள். அதே மின்தூக்கியில் ஏறும் மலாய், சீன அண்டை வீட்டாரும் மாநகர் மன்ற அதிகாரிகளும் கேட்டால்தான் காரியம் நடக்கும்.

மாதம் ஒருமுறை குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில் கூடி, ஒரு நிகழ்ச்சியைச் சேர்ந்து கேட்டு, அடுத்த மாதத்துக்குரிய விஷயங்களை அங்கேயே முடிவு செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் சொல்வதற்கும் சம எடை கொடுங்கள்.

காவல்துறையோ தொடர்பு பல்லூடக ஆணையமோ அழைத்தால் என்ன செய்வது?

அழைப்பு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ் வாக்குமூலம் கேட்டால் பதில் சொல்லும் கடமை உண்டு. ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்க அதே பிரிவு உரிமை தருகிறது. கைது செய்யப்பட்டால் காரணத்தை அறியவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் 28ஏ பிரிவின்படி உரிமை உண்டு. வழக்கறிஞர் மன்றத்தின் கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தின் தொலைபேசி எண்ணைக் குழுவினர் எல்லாரும் தாளில் எழுதி வைத்திருங்கள். கைப்பேசி பறிமுதல் செய்யப்படலாம். அழைப்பு வந்தபின் எந்தப் பதிவையும் அழிக்காதீர்கள். பேட்டி கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் பதிவுகளோடு ஒரே கருவியில் இல்லாதபடி தொடக்க நாளிலிருந்தே பிரித்து வையுங்கள். அழைப்பு வந்தபின் அதைச் செய்ய நேரமும் இருக்காது, சட்டமும் இடம் கொடுக்காது.